புகைப்படக்காரர் சல்காடோ மறைவு – 2014 இல் மியூசியத்தில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பழைய_பிலிம்
24 மே 2025, காலை 7:42

நேற்று இரவு படுக்கப் போகிற நேரம் செய்தி வந்தது. பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபாஸ்டியோ சல்காடோ பாரிசில் காலமாகிவிட்டார். வயது 81. ரத்தப் புற்றுநோய். 2010 இல் இந்தோனேசியாவில் படமெடுக்கப் போன இடத்தில் மலேரியா பிடித்திருக்கிறது. அதன் பின்விளைவுதான் 15 வருடம் கழித்து இப்படித் திரும்பியது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். நாம் சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்கு ஃபெர்ரி ஏறிப் போய் இறால் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறோமே, அதே இந்தோனேசியா. காடுதான் வேறு.

2014 இல் ஸ்டாம்ஃபர்ட் ரோடு தேசிய அரும்பொருளகத்தில் அவருடைய ‘ஜெனிசிஸ்’ கண்காட்சி நடந்தது. நான் மூன்று தடவை போனேன். மனிதன் இன்னும் கெடுக்காத இடங்களைத் தேடி எட்டு வருடம் அலைந்து எடுத்த படங்கள். என்னை நகரவிடாமல் நிறுத்தியது யானையோ பனிமலையோ அல்ல, கலாபகோஸ் தீவில் எடுத்த ஒரு கடல் உடும்பின் கை. கை மட்டும்தான். ஐந்து விரல், நகம், மேலே மணி மணியாகச் செதில். பழைய காலத்துப் போர்வீரன் இரும்புக் கையுறை போட்டுத் தரையில் ஊன்றியது போல இருக்கும். பக்கத்தில் காவலுக்கு நின்ற நம் தமிழ் அம்மா ஒருவர், “முதல் வாரம் முழுக்க நான் இதை மனுசக் கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி” என்றார். அந்த அம்மா சொன்னதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

வேறு யாராவது பார்த்தீர்களா? சும்மா பேசலாம் என்றுதான் இழையைத் தொடங்குகிறேன்.

ஈசூன்_ரிங்_ரோடு
24 மே, காலை 8:10

ஆழ்ந்த இரங்கல். பெயர் சொன்னால் தெரியவில்லை. சுரங்கத்தில் எறும்பு மாதிரி ஆட்கள் ஏணியில் ஏறுவார்களே, அந்தப் படம் எடுத்தவர்தானே?

டார்க்ரூம்_தம்பி
24 மே, காலை 8:31

அவரேதான் அண்ணே. பிரேசிலில் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கம், 1986. ஒரே குழிக்குள் ஏறக்குறைய 50,000 பேர். இயந்திரம் கிடையாது. மண்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, மேலே கொட்டிவிட்டு, மறுபடி இறங்க வேண்டும். கைப்பேசியில் பார்த்தால் எறும்புப் புற்று. நல்ல பெரிய பிரிண்டில் பார்த்தால் அத்தனை பேருக்கும் முதுகெலும்பு தெரியும், தொடை நடுங்குவது தெரியும். மண்ணும் வேர்வையும் பூசி மனிதனே களிமண் பொம்மை ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தப் படங்களைப் பார்க்கிற எல்லாரும் அடிமைகள் என்றே நினைப்பார்கள். அப்படி இல்லை. யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை. படித்தவன், படிக்காதவன், விவசாயி எல்லாரும் ஒருநாள் தங்கம் கிடைத்துவிடும் என்று தானாக வந்து இறங்கினார்கள். சல்காடோவே இதைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. ஆள் படிப்பால் பொருளாதார நிபுணர். லண்டனில் சர்வதேசக் காப்பி அமைப்பில் உத்தியோகம். வேலை விஷயமாக ஆப்பிரிக்கா போகும்போது கையில் கேமரா இருந்தது. அதுவும் மனைவி வாங்கிய கேமரா. திரும்பி வந்து அறிக்கை எழுதுவதைவிடப் படம் கழுவிப் பார்ப்பதுதான் பிடித்துப்போனது. 1973 இல் உத்தியோகத்தை விட்டுவிட்டார். நம் வீட்டில் இப்படிச் செய்தால் அம்மா மூன்று நாள் சாப்பிட மாட்டார்.

ஈசூன்_ரிங்_ரோடு
24 மே, காலை 8:34

மூன்று நாளா? எங்கள் வீட்டில் குலதெய்வக் கோயிலுக்கே கூட்டிப் போயிருப்பார்கள்.

பொங்கோல்_வாசி
24 மே, காலை 10:15

இறந்தவரைப் பற்றி இன்றைக்கே குறை சொல்வது நாகரிகம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள்.

எனக்கு அவர் படங்களைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும். 1984-85 இல் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் எடுத்த பஞ்சப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலுமாகக் குழந்தை. பின்னால் இருந்து வெளிச்சம் வழிகிறது, புழுதி புகையாக எழும்புகிறது, எல்லாம் தேவாலயத்து ஓவியம் மாதிரி. பார்க்கிறவன் முதலில் “ஆஹா, என்ன வெளிச்சம்!” என்கிறான். குழந்தை அப்புறம்தான். பசிக்கு இவ்வளவு அழகு எதற்கு?

அடுத்தது பெயர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 2003 இல் இவரைக் குறிப்பிட்டே எழுதினார். அகதிகள், கூலிகள் என்று இத்தனை படம் எடுத்தவர், படத்தில் இருப்பவரின் பெயரைப் போடவில்லை. பிரபலமானவன் என்றால் பெயரோடு படம். ஏழை என்றால் தொழில், நாடு, வருடம், அவ்வளவுதான். ‘நிலக்கரித் தொழிலாளி, தன்பாத், இந்தியா, 1989’. அந்த ஆளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்குமே?

மூன்றாவது, இயற்கையைக் காக்க வேண்டும் என்று எடுத்த ‘ஜெனிசிஸ்’ வேலைக்குப் பணம் கொடுத்ததில் ஒருவர் வாலே சுரங்கக் கம்பெனி. அந்தக் கம்பெனி பங்குதாரராக இருந்த அணைதான் 2015 இல் பிரேசிலின் மரியானாவில் உடைந்து 19 பேர் செத்தார்கள். சேறு போய் விழுந்தது ரியோ டோசி ஆற்றில். சல்காடோ பிறந்து வளர்ந்த மண்ணில் ஓடுகிற ஆறு அது. விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள்.

டார்க்ரூம்_தம்பி
24 மே, காலை 10:52

வாலே விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பசிக்கு அழகு எதற்கு என்றால், அசிங்கமாக எடுத்திருந்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். சாஹேலுக்கு அவர் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு போனார், மாதக்கணக்கில் அவர்களோடு இருந்தார். ஓட்டலில் தங்கிக் காலையில் டாக்சி பிடித்துப் போய் எடுத்துவிட்டு வந்த படங்கள் இல்லை. 1994 இல் ருவாண்டாவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு உடம்பே கெட்டுப்போனது. மருத்துவர் “உனக்கு நோய் ஒன்றும் இல்லை, இதை நிறுத்தாவிட்டால் செத்துப்போவாய்” என்கிற மாதிரி சொல்லிவிட்டார். கேமராவை வைத்துவிட்டு அப்பாவின் மாட்டுப் பண்ணைக்குத் திரும்பினார். அங்கே மரம் எல்லாம் போய்க் கட்டாந்தரை. 1998 இல் கணவனும் மனைவியுமாக ஓர் அமைப்பைத் தொடங்கி 20 லட்சத்துக்கும் மேல் மரம் வைத்தார்கள். வற்றிப்போன ஊற்றுகள் திரும்ப வந்தன. படத்தை விற்றுப் பங்களா கட்டியவர் இல்லை.

பொங்கோல்_வாசி
24 மே, காலை 11:03

மரம் வைத்தது மகராசன் வேலைதான். நான் கேட்டது பெயரைப் பற்றி.

டார்க்ரூம்_தம்பி
24 மே, காலை 11:05

50,000 பேரிடம் எப்படிப் பெயர் கேட்பது?

பொங்கோல்_வாசி
24 மே, காலை 11:06

50,000 பேரிடம் வேண்டாம். நேருக்கு நேர் நின்று எடுத்தாரே, அந்த ஒருத்தரிடம்.

புளோக்_எட்டு
24 மே, மதியம் 12:20

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அவர் என்ன கேமரா வைத்திருந்தார்? பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய லைக்கா எம்6 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

பழைய_பிலிம்
24 மே, மதியம் 12:41

லைக்கா, ட்ரை-எக்ஸ் பிலிம். பிறகு ‘ஜெனிசிஸ்’ தொடங்கும்போது பெரிய நெகட்டிவ் வேண்டும் என்று பென்டாக்ஸ் 645. விமான நிலையத்து எக்ஸ்ரே ஒவ்வொரு தடவையும் பிலிமைக் கெடுக்கிறது என்று 2008 வாக்கில் டிஜிட்டலுக்கு மாறினார். மாறியும் கம்ப்யூட்டரில் படம் தேர்ந்தெடுக்கத் தெரியாது, பிடிக்காது. கான்டாக்ட் ஷீட் (படங்களைச் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டது) போட்டு, லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துத்தான் பார்ப்பார். அந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரு சாதி.

லைக்காவை வாங்குங்கள். ஆனால் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியில் சும்மா வைத்த லென்ஸ் ஆறு மாதத்தில் சிலந்தி வலை கட்டிவிடும். ஈரம் புகாத டிரை கேபினெட் அலமாரிக் காசையும் சேர்த்து வீட்டில் சொல்லிவிடுங்கள், ஒரே சண்டையோடு போகும்.

தோபாயோ_அக்கா
24 மே, மாலை 4:18

காலையிலிருந்து படிக்கிறேன். பெயர் பெயர் என்று இவ்வளவு பேசுகிறீர்கள். ‘மனைவி வாங்கிய கேமரா’, ‘கணவனும் மனைவியுமாக’. அந்த மனைவிக்கு ஒரு பெயர் உண்டு. லெலியா வானிக் சல்காடோ. கணவர் புத்தகங்களை வடிவமைத்தது, கண்காட்சிகளைத் தொகுத்தது, 1994 இல் கணவர் மேக்னம் புகைப்பட நிறுவனத்தை விட்டு வந்ததும் சொந்த நிறுவனம் தொடங்கி நடத்தியது, பண்ணையில் காட்டைத் திரும்ப வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது எல்லாம் அந்த அம்மா. இவர் வருடக்கணக்கில் காட்டிலும் பாலைவனத்திலும் சுற்றும்போது பாரிசில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். இளைய மகனுக்கு டவுன் சின்ட்ரோம்.

எனக்குப் பிடித்த படம், ராஜஸ்தான் கால்வாய் வேலையில் எடுத்தது. பெண்கள் சேலையும் வளையலும் கால் காப்புமாகக் கட்டுமான வேலை செய்வார்கள். என் பாட்டி சிங்கப்பூரில் சித்தாள் வேலை செய்தவர். தலையில் சும்மாடு வைத்தால் கழுத்து எப்படி நிமிரும் என்று அவர் வீட்டில் நடந்தே காட்டுவார். அந்தப் படத்தில் அதே கழுத்து. பாட்டியை யாரும் வேலையில் படம் எடுக்கவில்லை. பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒருத்தர் எடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். பொங்கோல் தம்பி, உங்கள் வாதம் நியாயம்தான். ஆனால் படமே இல்லாதவர்கள் பக்கமிருந்தும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

டார்க்ரூம்_தம்பி
24 மே, மாலை 4:30

தலை குனிகிறேன் அக்கா. லெலியா பெயரை நான் எழுதியிருக்க வேண்டும்.

செம்பவாங்_பெரியவர்
24 மே, இரவு 9:05

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. பிழை இருந்தால் அவனுடையது.

என் தகப்பனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1958 இல் சிராங்கூன் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் அவர் எடுத்துக்கொண்ட படம் என்னிடம் இருக்கிறது. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. கைக்கடிகாரம் கூட வேலை செய்த மலையாளத்து நண்பருடையது. பின்னால் தொங்குகிற படுதாவில் ஏரி, அன்னப்பறவை, ஒரு வெள்ளைக்காரன் பங்களா. காலில் மட்டும் அவர் சொந்தச் செருப்பு, அதனால் படத்தை முழங்காலோடு வெட்டச் சொல்லிவிட்டார். ஊருக்கு அனுப்பிய படம் அது. என் தாயார் அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரி சொன்னாராம். கப்பலில் வந்து இறங்கிய பிறகு கோட்டு எங்கே என்று கேட்டாராம். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது அந்தப் படத்தின் பின்பக்கம். தகப்பனார் கையாலேயே பேனாவில் எழுதியிருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி. மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த கையெழுத்து. முன்பக்கம் எல்லாம் இரவல், பின்பக்கம் மட்டும்தான் அவருடையது.

லாம்பர்ட் என்கிற வெள்ளைக்காரர் 1867 இல் இங்கே ஹை ஸ்திரீட்டில் ஸ்டூடியோ போட்டார். அந்தக் காலத்துப் படங்களைப் பேரன் ஐபேடில் காட்டினான். நம் ஆட்கள் இருக்கிறார்கள். மாட்டு வண்டிக்காரர், சலவைக்காரர், தோட்டத்துப் பெண்கள். கீழே போட்டிருப்பது ‘கிளிங்’ என்கிற ஒரே சொல். அந்தச் சொல்லை எங்கள் காலத்தில் யாராவது சொன்னால் கைகலப்பு வரும். ஆகையால் பொங்கோல்காரர் கோபம் எனக்குப் புரிகிறது. அது இந்த பிரேசில்காரர் தொடங்கி வைத்தது இல்லை.

ஈசூன்_ரிங்_ரோடு
24 மே, இரவு 9:20

ஐயா, செருப்பை மறைக்கப் படத்தை வெட்டினார் என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கம்பிகட்டி
25 மே, காலை 11:47

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று ஞாயிறு, ஓடி (கூடுதல் நேர வேலை) இல்லை. அதனால் எழுதுகிறேன். சிவகங்கைப் பக்கம் ஊர். 2009 இல் வந்தேன். கம்பி கட்டுகிற வேலையில் தொடங்கி இப்போது சூப்பர்வைசர்.

2012 இல் புக்கிட் தீமா பக்கம் சைட். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் கிடைக்கும். பக்கத்து புளோக்குக்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, பூட்ஸைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவோம். சிமென்ட் தரை சில்லென்று இருக்கும், சொர்க்கம். ஒருநாள் அப்படித் தூங்கும்போது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் கூட்டாளி ஒருத்தன் போன் செய்து, “மச்சான், நீ சுவரில் தொங்குகிறாயடா” என்றான். ஒரு கடைத்தொகுதியில் போர்டு வைத்து நிறையப் படங்களை மாட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். முகம் பாதிதான் தெரிகிறது, கையை மடித்துக் கண்ணுக்கு மேல் வைத்திருக்கிறேன். நான்தான் என்று எப்படித் தெரியும் என்றால் காலுறையால். வலது காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே. அந்தக் காலுறை அப்போதும் என்னிடம் இருந்தது. கீழே ஆங்கிலத்தில் ‘உழைப்பு’ என்று தலைப்பு, எடுத்தவர் பெயர், ஏதோ பரிசு வாங்கியது.

படத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். நல்ல சட்டை போட்டிருந்தேன், சென்ட் அடித்திருந்தேன். யாராவது என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள் என்று ஒரு சின்ன ஆசை. ஒரு அம்மா கைப்பேசியோடு வந்து, “கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், படம் எடுக்க வேண்டும்” என்று சைகை காட்டினார். நகர்ந்துகொண்டேன்.

கூட்டாளி அதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். ஊரில் ஸ்டோர்கீப்பர் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா போனில் ஒரே அழுகை. “ஒரு பாய்கூடக் கொடுக்க மாட்டார்களாடா?” என்று. பாய் வேண்டாம் அம்மா, தரை குளிர்ச்சி என்று சொன்னால் நம்பவில்லை. பொண்டாட்டி அழவில்லை, “காலுறை கிழிந்தால் வாங்கிக்கொள்ள மாட்டீர்களா?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பன்னிரண்டு ஜோடி வாங்கி வைத்திருந்தாள்.

எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எழுப்பிக் கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து தலையைச் சீவிக்கொண்டு சிரித்திருப்பேன், அவருக்கு அந்தப் படம் கிடைத்திருக்காது. அதுவும் எனக்குப் புரிகிறது. எடுத்தது எடுத்தார், ஒரு பிரதி கொடுத்திருக்கலாம். நான் அங்கேயே மூன்று மாதம் படுத்தேன், அதே தூணுக்குக் கீழே. திரும்பி வந்திருந்தால் பார்த்திருப்பார்.

அந்தத் தங்கச் சுரங்கத்தைப் பற்றித் தம்பி எழுதியதைப் படித்தேன். யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை என்று. நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு ஏக்கரை ஒத்திக்கு வைத்து, அக்கா நகையை அடகு வைத்து, ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தேன். நிலத்தை மீட்டுவிட்டேன். நகையை மீட்பதற்குள் அக்கா மகளுக்கே கல்யாணம் வந்துவிட்டது.

தோபாயோ_அக்கா
25 மே, மதியம் 12:15

தம்பி, “கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்” என்ற இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பொங்கோல்_வாசி
25 மே, மதியம் 12:22

நான் சான்டாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இவர் காலுறையைக் காட்டிவிட்டார். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

புளோக்_எட்டு
25 மே, மதியம் 1:02

சட்டப்படி பொது இடத்தில் படம் எடுப்பதில் தப்பு இல்லையே? எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு எடுத்தால் தெருப் படம் என்று ஒன்றே இருக்காது.

டார்க்ரூம்_தம்பி
25 மே, மதியம் 1:10

சட்டத்தைப் பற்றி அண்ணன் ஒரு வரிகூடப் பேசவில்லையே. ஒரு பிரதி கேட்கிறார். ஃபோர் ஆர் அளவில் பிரிண்ட் ஒன்று போட ஒரு வெள்ளிகூட ஆகாது.

பழைய_பிலிம்
25 மே, இரவு 10:48

இழையைத் தொடங்கியவன் நான். மத்தியானத்திலிருந்து ஒன்றும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

இருபது வருடத்துக்கு முன் எங்கள் புகைப்படக் குழுவில் ஏழெட்டுப் பேர் ஞாயிறு தவறாமல் லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்காவுக்குப் போவோம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுத் திடலில் அப்போதெல்லாம் நம் ஊர்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு அது விருந்து. முகம், வேர்வை, சாயங்கால வெயில். எல்லாரும் சல்காடோ ஆகிவிடலாம் என்கிற நினைப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொஞ்சம் அழுத்தமாகப் பிரிண்ட் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அந்த மனிதர் ஒரு சுரங்கத்தில் வாரக்கணக்கில் கிடந்தார். நாங்கள் நாலு மணிக்குப் போய், ஆறரைக்கு ஆப்பமும் தே தாரிக்கும் முடித்துவிட்டு வீட்டில் இருப்போம்.

அதில் ஒரு படம். லோரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுகிற ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். சீப்பு பாதி வழியில் நிற்கிறது, கண்ணாடியில் ஒரு கண், ஒரு மீசை. குழுவில் அதற்கு வருடாந்திரப் பரிசு கிடைத்தது. சட்டம் போட்டு இன்றைக்கும் என் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்களிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன்.

இன்று மத்தியானம் அதைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். செம்பவாங் ஐயா சொன்னதற்கு அப்புறம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பென்சிலில் என் கையெழுத்து. பிலிம் பெயர், துளை அளவு, வேகம், டெவலப்பரில் எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி. அந்தப் பையனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. படம் எடுத்த பிறகு அவனே என்னிடம் வந்து, “அண்ணே, காட்டுங்க” என்று கேட்டான். பிலிம், இப்போது தெரியாது, கழுவ வேண்டும் என்று சொன்னேன். “அப்ப அடுத்த வாரம் கொண்டு வருவீங்களா?” என்றான். சரி என்றேன்.

அடுத்த வாரம் மழை. அதற்கு அடுத்த வாரம் மறந்துவிட்டேன்.

நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். இரவு உட்கார்ந்து எண்ணினேன். தேக்காவில் மட்டும் 41 ரோல். ஒரு ரோலுக்கு 36. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கையில் கொடுத்த பிரதி என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, ஒரு பூக்கடைக்காரருக்கு. அதுவும் அவர் விடாமல் கேட்டதால்.

செம்பவாங்_பெரியவர்
26 மே, காலை 6:30

பூக்கடைக்காரர் கெட்டிக்காரர்.

டார்க்ரூம்_தம்பி
26 மே, காலை 7:55

அண்ணே, நெகட்டிவை என்னிடம் கொடுங்கள், ஸ்கேன் செய்து தருகிறேன். முகம் தெளிவாகத் தெரிகிறதை மட்டும் பிரித்து ஃபோர் ஆர் போடலாம். அந்தப் பையன்களுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். ஆனால் தேக்காவில் பதினைந்து இருபது வருடமாக இருக்கிற ஆட்கள் உண்டு, சாப்பாட்டுக் கடைகளில் காட்டினால் ஒன்றிரண்டு முகமாவது பிடிபடும். ஃபேஸ்புக்கில் போடுவது வேண்டாம். ஸ்டோர்கீப்பர் கதை இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ.

தோபாயோ_அக்கா
26 மே, காலை 8:20

கடைகளில் கேட்க நான் வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் போனால் வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பி வந்துவிடுவீர்கள்.

பழைய_பிலிம்
26 மே, காலை 8:41

வாருங்கள். 1 ஜூன் ஞாயிறு, மாலை 5 மணி, வீரமாகாளியம்மன் கோயில் வாசல். மழை வந்தாலும் வருவேன்.

கம்பிகட்டி தம்பி, உங்களைத் தூங்கும்போது எடுத்தது நான் இல்லை. 2012 இல் முதுகுவலி வந்து நான் தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். ஞாயிறு வர முடியுமா? உங்களை ஒரு படம் எடுக்க வேண்டும். முழித்திருக்கும்போது.

கம்பிகட்டி
26 மே, இரவு 9:33

இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். வருகிறேன் அண்ணே. தலை சீவிக்கொண்டு வருவேன், சட்டை இஸ்திரி போட்டது. புதுக் காலுறையும்தான்.

ஒரே ஒரு விஷயம். கறுப்பு வெள்ளை வேண்டாம். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் அப்படி மாட்டி மாலை போடுவார்கள். அம்மா பார்த்தால் பயந்துவிடும். கலரில் எடுங்கள்.

பழைய_பிலிம்
26 மே, இரவு 9:50

சரி, கலர். இரண்டு பிரதி போடுகிறேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று ஊருக்கு. பின்பக்கம் எழுத வேண்டும், முழுப்பெயர் இனிஷியலோடு எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

கம்பிகட்டி
26 மே, இரவு 9:52

இங்கே வேண்டாம் அண்ணே, எல்லாரும் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்கிறேன்.